மணியடிப்பவரைக் கேட்காத பதினோரு வாரம்

துப்பறிவாளனாக விளையாட மூளை தேவையில்லை, பொறுமை போதும். எனக்கு அது நிறையவே உண்டு. என் மனைவி விவாகரத்து மனுவில் அதைத்தான் ‘சோம்பல்’ என்று குறிப்பிட்டிருந்தாள்.

மோந்தேவீதேயோ நகரில் என் நண்பன் ஆன்செல்மோ வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் எங்கள் களம். ஞாயிறு மதியம் கூடுவோம். அவன் கதை சொல்வான். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, அதற்குள் நடப்போம். அவன் தங்கை சுல்மா திருடி. நான் துப்பறிவாளன். கலங்கரை விளக்கக் காவலரைக் கொன்றது யார் என்பது கதை.

கற்றுக்குட்டிகள் ஒவ்வொரு இழுப்பறைக்கும் பகடை உருட்டுவார்கள். வீண்வேலை. கதைசொல்லியைப் பார்க்க வேண்டும். ஆன்செல்மோ மாத்தே தேநீரைக் குழலால் உறிஞ்சிக்கொண்டேதான் பேசுவான். தேவாலயத்தில் மணியடிக்கும் கிழவருக்குக் குரல் கொடுக்கும்போது மட்டும் உறிஞ்ச மறந்துவிடுவான். கொலைகாரர் அவர்தான் என்று மூன்றாம் ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் பாத்திரத்துக்கு ஒரு வரம் உண்டு. வாரத்துக்கு ஒருவரைச் சுட்டி, “இவரா?” என்று கேட்கலாம். கதைசொல்லி உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அன்றே கேட்க வாயெடுத்தேன். பொரித்த ரொட்டித் தட்டை வைத்தபடி சுல்மா சொன்னாள்: “குடல் கட்டிக்கு ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க. இவன் போகமாட்டேங்கறான்.”

“மாட்டேன்னு எங்கடி சொன்னேன்? கொலைகாரன் பிடிபடட்டும், மறுநாளே போய்ப் படுத்துக்கறேன். கதையைப் பாதியில விட்டுட்டுப் போறவன் நான் இல்ல.”

“ஃபெர்மின், சீக்கிரம் பிடிச்சுத் தொலைடா,” என்றாள் என்னிடம்.

கத்தி படாதவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு ஒரு நினைப்பு. தவிர, ஞாயிறு போய்விட்டால் எனக்கு வாரம் முழுக்கத் திங்கள்தான்.

கேள்வியைக் காவலரின் விதவைமேல் செலவழித்தேன். அடுத்த வாரம் மருத்துவர்மேல். பிறகு மீன்காரன், தபால்காரன். ஒருமுறை காவலரின் ஆட்டைக்கூடச் சுட்டினேன்.

“ஆடு நிரபராதி,” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான் ஆன்செல்மோ. சிரிப்பினால் என்று வைத்துக்கொண்டேன்.

“மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கான், கண்ணுதான் தெரியல,” என்றாள் சுல்மா.

தெரிந்தே பதினோரு வாரம் கேட்காமல் இருந்தேன். பதினான்காம் ஞாயிறு அவனால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. அன்று மணியடிப்பவரைச் சுட்டினேன். சொன்னபடி மறுநாளே போய்ப் படுத்தான். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். முதலில் கொடுத்த தேதியிலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். சுல்மா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.

கடைசி வாரம் ஆன்செல்மோ என் மணிக்கட்டைப் பிடித்தான்.

“எப்படா கண்டுபிடிச்ச?”

“அந்த ஞாயித்துக்கிழமைதான்டா. அதுவரைக்கும் மண்டை காஞ்சு போச்சு.”

“அவ்வளவு கஷ்டமாவா வெச்சிருந்தேன்?”

அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என்னைப் பதினான்கு வாரம் திணறடித்த பெருமையோடு போனான். ஒரு நண்பனுக்கு இதைவிட வேறென்ன செய்துவிட முடியும்?