பெற்றிசியா போட்ட முடிச்சு

ஹுஸ்னியா: அப்ப இதுவும் வேண்டாம்? அமிர்தநாயகம் அண்ணன், இதுக்கு மேல என்ர கடையில தொப்பி இல்லை. மன்னார் பசாரிலயே இல்லை.

அமிர்தநாயகம்: வேண்டாமெண்டு ஆர் பிள்ளை சொன்னது? கழுத்தைக் கொஞ்சம் கடிக்குது எண்டனான். அவ்வளவுதான்.

ஹுஸ்னியா: முதல் போட்டது காதை மூடுது. கம்பளித் தொப்பி நனைஞ்சால் ஆட்டுக்கடா மாதிரி நாறும். இது கழுத்தைக் கடிக்குது. பெற்றிசியாக்கா, நீங்கள் மனுசனுக்குத் தொப்பி பாக்க வந்தனீங்களோ, மகனுக்குப் பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?

பெற்றிசியா: பொம்பிளை பாக்க வரேக்க இந்த மனுசன் இவ்வளவு பாக்கேல்லை. வந்தார், பயித்தம்பணியாரம் திண்டார், ஓமெண்டார், எழும்பிப் போட்டார்.

அமிர்தநாயகம்: பணியாரம் நல்லா இருந்தது. அதில ஏமாந்து போனன்.

பெற்றிசியா: ஏமாந்தது ஆரெண்டு எங்கட ஊர் தாழ்வுபாடு முழுக்கத் தெரியும்.

ஹுஸ்னியா: சண்டையை வீட்ட போய்ப் பிடியுங்கோ. வெளியில வாடைக்காத்து கடையைத் தூக்குது. இந்தா, பனையோலைத் தொப்பி. கொண்டச்சிப் பக்கத்து ஆக்கள் வயலுக்கு இதைத்தான் போடுறவை.

அமிர்தநாயகம்: வயல் ஆடாது பிள்ளை. கடல் ஆடும்.

ஹுஸ்னியா: சரி, இந்தப் பச்சைத் துணித் தொப்பி? சுத்திவர அகல ஓரம். மழைத்தண்ணி கண்ணுக்கை வராது. கீழ கட்ட நாடாவும் கிடக்கு.

அமிர்தநாயகம்: நாடாவோ... நாடா எதுக்கு...

பெற்றிசியா: இஞ்ச தாங்கோ ஹுஸ்னியா, நான் பாக்கிறன்.

ஹுஸ்னியா: அக்கா! மெல்ல, மெல்ல! நாடாவைப் பிச்சுப்போடாதேங்கோ! இதென்ன, கரைவலையே இழுக்கிறீங்கள்?

பெற்றிசியா: கழரேல்லை. வேண்டாம்.

ஹுஸ்னியா: கழராட்டி நல்லதுதானே அக்கா?

பெற்றிசியா: ...நிறம் பிடிக்கேல்லை.

அமிர்தநாயகம்: ஓமோம், நிறம் சரியில்லை.

ஹுஸ்னியா: நிறம் பாத்தே நண்டு வலைக்குள்ள வரப்போகுது? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அண்ணன் நாடாவைக் கண்டாலே பின்னுக்குப் போறார். அக்கா கழராத தொப்பியெல்லாம் வேண்டாமெண்டுறா. நீங்கள் காத்துக்குப் போடத்தானே தொப்பி வாங்க வந்தனீங்கள்? அந்தக் கூத்து நடந்த பிறகுமோ?

அமிர்தநாயகம்: அந்தக் கதை இஞ்சையும் வந்திட்டுதே?

ஹுஸ்னியா: உங்கட ஊருக்கு மீன் வாங்க வாற என்ர தங்கச்சி அஸ்னா சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. சிரிப்பில பாதிதான் விளங்கினது. நீங்களே சொல்லுங்கோ அண்ணன்.

அமிர்தநாயகம்: என்னத்தைச் சொல்ல... வள்ளத்தில நண்டு வலை எடுக்கப் போனனான், தனியத்தான். மழையெண்டால் மழை. வாடை இழுத்து அடிச்சுது. தொப்பியைக் காத்து கொண்டு போட்டுது. தேடினன், கிடைக்கேல்லை.

பெற்றிசியா: இவருக்குத்தான் கிடைக்கேல்லை. பக்கத்து வீட்டு றொட்னியின்ர மீன்பிடி போட்டுக்குக் கிடைச்சது. அவன் கடல்ல மிதந்த தொப்பியைக் கொண்டந்து என்ர கையில தந்திட்டு, வாய் திறவாமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்.

ஹுஸ்னியா: அல்லாவே...

பெற்றிசியா: தொப்பி வந்திட்டுது, மனுசன் வரேல்லை. பேந்தென்ன? கரை முழுக்கச் சனம். என்ர மச்சாள் கிறேஸ் நெஞ்சில அடிச்சு ஒப்பாரி தொடங்கிட்டாள். உபதேசியார் செபமாலை தொடங்கிட்டார்.

அமிர்தநாயகம்: எனக்கெப்பிடிப் பிள்ளை தெரியும்? காத்து என்னை அங்கால வேற கரைக்குத் தள்ளிப்போட்டுது. அங்க வள்ளத்தை ஏத்திவிட்டிட்டு நடந்து வாறன், சனமெல்லாம் முட்டுக்கால்ல நிக்குது. ஆரோ பாவம் போயிட்டுது எண்டு நினைச்சு, நானும் பின்னுக்குப் போய் முட்டுக்கால் போட்டன்.

ஹுஸ்னியா: ஆருக்கெண்டு கேக்கேல்லையோ?

அமிர்தநாயகம்: செபம் நடக்கேக்க கதைக்கிறதே? முடியக் கேப்பம் எண்டு விட்டிட்டன்.

பெற்றிசியா: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" எண்டு எல்லாற்ற குரலுக்கும் மேலால ஒரு குரல் கேக்குது. எங்கயோ கேட்ட குரலாக் கிடக்கே எண்டு கிறேஸின்ர மகள் டிலோஜினி திரும்பிப் பாத்தாள். பாத்தவள் அப்பிடியே மயங்கி விழுந்திட்டாள்.

ஹுஸ்னியா: ஐயோ என்ர வயிறு நோகுது! தன்ர சாவுக்குத் தானே செபம் சொன்ன மனுசன்!

அமிர்தநாயகம்: நல்லா உருகித்தான் சொன்னனான். மோட்சத்துக்குப் பாதி தூரம் போயிருப்பன்.

பெற்றிசியா: மிச்சத் தூரத்துக்கு நான் விடேல்லை. கன்னத்தில ஒண்டு குடுத்தன்.

ஹுஸ்னியா: அடிச்சீங்களோ?

அமிர்தநாயகம்: ஊர் முன்னால. பேந்து கட்டிப்பிடிச்சு அழுதவ. அதையும் சொல்லச் சொல்லு.

பெற்றிசியா: நான் அழேல்லை. மழை பெய்தது.

ஹுஸ்னியா: சரி, ஒண்டு கேக்கிறன். அந்தத் தொப்பிக்கு நாடா இல்லையோ? கட்டாமலோ போனனீங்கள்?

அமிர்தநாயகம்: கட்டாமலோ! இவதான் வெளிக்கிடேக்க தன்ர கையால கட்டிவிட்டவ. நாடிக்குக் கீழ இறுக்கி, ரெண்டு முடிச்சு. கதைதான் பெரிசு. ஒரு காத்துக்கு அவிண்டு போச்சு.

ஹுஸ்னியா: ஓ, அதுதானோ "பெற்றிசியா முடிச்சு"? இப்ப தாழ்வுபாட்டில ஒருத்தற்ற சாறம் அவிண்டாலும், "என்ன, பெற்றிசியா முடிச்சோ?" எண்டு கேக்கிறவையாம்.

பெற்றிசியா: ஓம். கேக்கிறவை.

ஹுஸ்னியா: உங்களுக்குக் கோவம் வரேல்லையோ அக்கா? நான் எண்டால் ஒவ்வொருத்தரையும் பிடிச்சு அந்த முடிச்சாலயே கட்டிப்போட்டிருப்பன்.

பெற்றிசியா: சிரிக்கிற சனம் சிரிச்சிட்டுப் போகட்டும். மனுசன் முழுசா வந்திட்டார்தானே.

ஹுஸ்னியா: வந்த மனுசன் அதுக்குப் பிறகு கடல்ல கால் வைக்கேல்லையாமே?

அமிர்தநாயகம்: தொப்பி இல்லாமல் மாரிக் கடலுக்கு எப்பிடிப் பிள்ளை போறது? மழை கண்ணுக்கை ஊசி மாதிரிக் குத்தும். வலையும் தெரியாது, கரையும் தெரியாது.

பெற்றிசியா: என்ர தம்பி றோயும் தன்ர போட்டில வரச்சொல்லிக் கேட்டவன். அதுக்கும் தொப்பி இல்லையாம்.

ஹுஸ்னியா: றொட்னி கொண்டந்த பழசு எங்க?

பெற்றிசியா: அடுப்பில போட்டிட்டன். தரித்திரம் பிடிச்சது.

அமிர்தநாயகம்: நல்ல தொப்பி. கேளாமல் கொள்ளாமல் எரிச்சுப்போட்டாள்.

ஹுஸ்னியா: அப்ப கடைசி வழி. பக்கத்தில அப்துல் றசாக் நானாவின்ர கடையில மோட்டச்சைக்கிள் ஹெல்மெற் கிடக்கு. வாங்கித் தரட்டோ?

அமிர்தநாயகம்: நண்டு சிரிக்கும்.

ஹுஸ்னியா: இருங்கோ... மேல் தட்டில ஒண்டு இருக்கு. ஆனா முதலே சொல்லிப்போட்டன், இதைக் கொண்டு போனவை திருப்பிக் கொண்டந்து தந்தவை. நாடா இல்லை, பட்டி. பட்டியில அமத்திப் பூட்டுற பட்டன். காத்துக்கு நிக்கும். ஆனா பலமா ஒருக்கால் இழுத்தால் படக்கெண்டு கழண்டிடும்.

பெற்றிசியா: கழண்டிடுமோ? கெதியா இஞ்ச தாங்கோ!

ஹுஸ்னியா: என்னக்கா, இவ்வளவு நேரமும் இல்லாத அவசரம்?

பெற்றிசியா: ...கழண்டிட்டுது. பொறுங்கோ, இன்னொருக்கால்... ஓம், விரலைக் குடுத்து இழுத்தாலே போதும். இதுதான். இதையே எடுப்பம்.

ஹுஸ்னியா: எல்லாரும் கழராத தொப்பி கேட்டு வருவினம். நீங்கள் ஒருத்திதான்... ஐயையோ, வெளியில தொங்கவிட்ட குடையெல்லாம் பறக்குது! இருங்கோ, பிடிச்சுக்கொண்டு வாறன்!

அமிர்தநாயகம்: விழுந்திடாதை பிள்ளை! ...அவளுக்குச் சொல்லேல்லை, எனக்குச் சொல்லு. நீ ஏன் கழர்றதைத் தேடுறாய்?

பெற்றிசியா: நீங்கள் ஏன் நாடாவுக்குப் பயப்பிடுறீங்கள்?

அமிர்தநாயகம்: பயமோ? எனக்கோ?

பெற்றிசியா: அப்ப நாடியைத் தூக்குங்கோ. பட்டியைப் பூட்டிப் பாப்பம்.

அமிர்தநாயகம்: நானே பூட்டுறன்.

பெற்றிசியா: நான் பூட்டினால் என்ன? ...ஏன் கழுத்தைக் கையால பொத்துறீங்கள்?

அமிர்தநாயகம்: குளிர்.

பெற்றிசியா: ஓமோம். குளிர்.

அமிர்தநாயகம்: பெற்றி... கழுத்தில கை வையாதை. எப்பன் பொறு. உனக்கொண்டு சொல்லோணும்... கோவிக்கக் கூடாது.

பெற்றிசியா: சொல்லுங்கோ.

அமிர்தநாயகம்: தொப்பியைக் காத்து கொண்டு போகேல்லை. நான் விழுந்திட்டன். வலையை எட்டிப் பிடிக்கப் போய்... தலைகீழா. தொப்பிக்குள்ள தண்ணி நிறைஞ்சு பின்னுக்கு இழுத்தது. நாடா தொண்டையில இறுகிப்போச்சு. முடிச்சை அவிழ்க்கப் பாத்தன், விரல் கேக்கேல்லை... எப்பிடியோ தலையை உருவி எடுத்திட்டன். மழையெண்டபடியால் நனைஞ்சதும் ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஆனா இப்பவும் படுத்தால் தொண்டையில அது கிடக்கு. தொப்பி இல்லையெண்டது சும்மா ஒரு சாட்டு, பெற்றி. எனக்குக் கடல் பயமாக் கிடக்கு.

பெற்றிசியா: அதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?

அமிர்தநாயகம்: எப்பிடிச் சொல்லுறது? முடிச்சு உன்ர கையால போட்டது. சொன்னால் நீ சாகும் மட்டும் உன்ர கையைப் பாத்துக்கொண்டு இருப்பாய். அதுதான் அவிண்டு போச்செண்டு சொன்னனான். ஊர் உன்னைப் பகிடி பண்ணினாலும் பண்ணட்டும், நீ அதை அறியக் கூடாதெண்டு...

பெற்றிசியா: இனித் தனியப் போகவேண்டாம். பயம் தெளிஞ்ச பிறகு றோயோட போங்கோ, அது எப்பவெண்டாலும் சரி. இந்தாங்கோ, பட்டனை நீங்களே பூட்டுங்கோ. பூட்டிட்டீங்களோ? இப்ப இழுங்கோ.

அமிர்தநாயகம்: ...கழருது.

பெற்றிசியா: இன்னொருக்கால்.

அமிர்தநாயகம்: கழருது. லேசாக் கழருது... பொறு, பொறு. முடிச்சு காத்துக்கு அவிண்டதெண்டுதானே நான் உனக்குச் சொன்னனான்? கழர்ற தொப்பிதான் எனக்கு வேணுமெண்டு உனக்கெப்பிடித் தெரியும்?

பெற்றிசியா: பழசை நான் எரிக்கேல்லை. அலுமாரிக்குள்ள, என்ர கூறைச்சீலைக்கு அடியில கிடக்கு. றொட்னி கொண்டந்து தந்த உடனேயே பாத்திட்டன். முடிச்சு அவிழேல்லை. நான் போட்ட மாதிரியே இருந்தது. அதுக்குள்ள உங்கட தலைதான் இல்லை.