யார் முகத்துக்கு எடுத்த அளவு?

— மாஸ்க் வாரை இன்னும் இழுத்துக் கட்டுன்னு போன வாரமே சொன்னேனேம்மா. மறுபடி மாஸ்க்கைத் தூக்கிட்டு ஸ்டோர் ஜன்னல்ல வந்து நின்னா நான் என்னத்தச் சொல்ல?

— இழுத்துக் கட்டினாத்தான் அண்ணே தலைவலி. தளர்த்தினா ஓரமா பெயிண்ட் நெடி உள்ள வருது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கும்னு ஆறு வாரமா தேடிட்டேன். இல்ல.

— அந்த நெடிதான் தலைவலி. நாற்காலிக்கு பெயிண்ட் அடிக்கிற ரூம்ல ரோஜாப்பூ வாசமா வரும்?

— எனக்கும் முதல்ல அந்தச் சந்தேகம்தான். அதுக்கும் முன்னாடி, இல்லாத வலியை நானே நினைச்சுக்கறேனோன்னு ஒரு சந்தேகம். அதான் எழுத ஆரம்பிச்சேன். இந்த நோட்டைப் பாருங்க. மாஸ்க் மாட்டின நேரம், வலி தொடங்கின நேரம், கழட்டின நேரம், வலி விட்ட நேரம்.

— சாயங்காலம் கிளாஸுக்குப் போறவங்ககிட்ட இதுதான் தொல்லை. எதைப் பாத்தாலும் கோடு போட்டுக் கட்டம் கட்டிடுவீங்க.

— ஞாயித்துக்கிழமைப் பக்கம் திருப்புங்க. வீட்ல, பெயிண்டே இல்லாம, மாஸ்க், கண்ணாடி, குல்லா மூணையும் மாட்டிக்கிட்டு உக்காந்து பாடம் படிச்சேன்.

— வீட்லயா! உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?

— கரப்பான்பூச்சிக்கு மருந்து அடிக்கப் போறியான்னு கேட்டாங்க. தம்பி போட்டோ எடுத்துட்டான். ஐம்பதாவது நிமிஷம் ரெண்டு நெத்திப்பொட்டுலயும் வலி வந்துருச்சு. கழட்டினதும் அரை மணியில போயிருச்சு. நெடி இல்ல அண்ணே. வார்தான்.

— சரி, வலிக்குது. அதுக்கு நான் என்ன பண்ண, தலையை மாத்தித் தரவா?

— மாஸ்க்கை மாத்திக் குடுங்க. சின்ன அளவு.

— அளவா? செருப்பு மாதிரி இதுல ஆறு, ஏழுன்னா வரும்?

— தாடைக்குக் கீழ, ரப்பர்ல பாருங்க. பொடியா ‘எல்’ போட்டிருக்கு. எல்லுனா பெரிசு.

— என் கண்ணாடி எங்க... ஆமா, போட்டிருக்கு.

— வாங்கறதுக்கு எழுதிப் போடுற பேப்பர்ல அளவு கேட்டிருப்பாங்களே?

— கேட்டிருக்கும். ஒன்பது வருஷமா முந்தின பேப்பரைப் பாத்து அப்படியே எழுதறேன்.

— முதல் தடவை எதைப் பாத்து எழுதினீங்க?

— சாம்பிள் மூணு அனுப்பினாங்க. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். மூணாவது கச்சிதமா உக்காந்துச்சு.

— யார் மூஞ்சியில?

— என் மூஞ்சியிலதான். இந்த ஸ்டோர்ல வேற யார் இருந்தா? என்ன சிரிப்பு?

— சிரிக்கல அண்ணே. உங்க மூஞ்சி நல்லா அகலமா, லட்சணமாத்தான் இருக்கு. ஆனா நீங்க ஒரு நாற்காலிக்கும் பெயிண்ட் அடிக்கல.

— ஸ்ப்ரே ரூம் ஆம்பளைங்க யாரும் இதுவரைக்கும் வாயைத் திறக்கலையே.

— பாதிப் பேருக்கு உங்க முகவெட்டு. மீதிப் பேர் மதியம் மாத்திரை போடறாங்க. கேட்டு எழுதியிருக்கேன். பேர் போடல, பயப்படாதீங்க.

— இப்ப எழுதிப் போட்டாலும் சின்ன அளவு வர ரெண்டு வாரம் ஆகும்.

— ரெண்டு வாரம் பொறுத்துக்கறேன். ஆனா இன்னிக்கு நாலு மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டிருக்காரு. தலைவலின்னு சொன்னதால என்னைத் திரும்ப பேக்கிங்குக்கு மாத்தறாராம். கையெழுத்துப் போடச் சொல்வாரு. போட மாட்டேன். குறை மாஸ்க்ல, என்கிட்ட இல்லைன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க.

— அப்படி எழுதினா, ஒன்பது வருஷமா தப்பா வாங்கினது நான்தான்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆகாதா?

— ஆகும்.

— ஒரு பேச்சுக்காவது இல்லைன்னு சொல்லேன்ம்மா.

— பொய் சொல்ல வரல அண்ணே. ரெண்டு வருஷம் பேக்கிங்ல நின்னு, கேட்டுக் கேட்டு வாங்கின வேலை இது. ஓரத்துல ஒரு சொட்டு ஒழுகாம அடிக்கறேன்னு சூப்பர்வைசரே சொல்லியிருக்காரு. நீங்க எழுதலைன்னாலும் நான் இந்த நோட்டோட போவேன். ஆனா அவர் அந்த அக்கா கதையை எடுப்பாரு. அதுக்கு இந்த நோட்டு மட்டும் பத்தாது.

— எந்த அக்கா?

— எனக்கு முன்னாடி ஸ்ப்ரே ரூம்ல இருந்த ஒரே பொம்பளை. எட்டு வருஷம் ஆச்சாம். அவங்களும் தலைவலின்னு மூணே மாசத்துல வேலையை விட்டுட்டாங்களாம். ‘பொம்பளைங்களுக்கு இது ஒத்து வராது, ஒருத்தியைப் பாத்தாச்சு’ன்னு எல்லார் முன்னாடியும் சொல்றாரு. அவங்க யாருன்னு கேட்டா மட்டும் ஆளாளுக்குப் பேச்சை மாத்தறாங்க.

— பேனாவைக் குடு.

— எழுதறீங்களா?

— எழுதறேன். நாலு மணிக்கு நானும் கூட வரேன். சாயங்காலம் கிளாஸுக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு, இந்த நோட்டோட எங்க வீட்டுக்கு வா. தப்பு மாஸ்க்லதான்னு நான் மட்டும் சொன்னா அவ நம்ப மாட்டா. அந்த அக்காவை, வேலைக்குப் போக உடம்பு வணங்காம தலைவலின்னு நடிச்சவள்னு எட்டு வருஷமா குத்திக் காட்டிட்டு இருக்கிற புருஷன் நான்தான்.