ரெண்டு மணி வரைக்கும்

பானு: …எஸ்.ஏ. நோடு, ஏ.வி. நோடு… அதுக்கப்புறம்?

தமிழரசி: பண்டில் ஆஃப் ஹிஸ். அப்புறம் பர்கிஞ்சி ஃபைபர்ஸ். இப்ப நீ சொல்லு. ஹார்ட்டுக்கு பேஸ்மேக்கர் எது?

பானு: ஏ.வி…

தமிழரசி: எஸ்.ஏ. நோடு டி. நாலு வாட்டி சொல்லியாச்சு. சும்மா கிடைக்கிற மார்க்கு அது.

பானு: ராத்திரி எட்டு தடவ படிச்சேன் தமிழ். மண்டைல நிக்கல.

தமிழரசி: நீ படிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா? மூணு நாளா உன் பக்கத்துலதான படுக்கறேன். புக்கை மூஞ்சில கவுத்துக்கிட்டு தூங்குன.

ராஜா: ஏ பொண்ணுங்களா, ரிக்‌ஷாவ இங்க போட்டா ஹவல்தார் கத்துவாரு. அந்த வேப்பமரத்தாண்ட தள்ளிப் போடறேன். வடாபாவ் வாங்கியாரவா?

தமிழரசி: வேணாம் ராஜாண்ணா.

பானு: வாங்கிக்கோ டி. எங்க அண்ணன் வாயத் திறந்து வாங்கித் தரேன்னு சொல்றது வருஷத்துக்கு ஒரு வாட்டி. காலைல உப்புமாவையும் அப்படியே வச்சுட்டு வந்துட்ட.

தமிழரசி: பரீட்சை அன்னிக்கு எப்பவும் அப்படித்தான். நீ கேள்வி கேளு.

பானு: மணி ஒம்பதே முக்கால்தான். பத்தரைக்குத்தான் பரீட்சை சென்டர் கேட்டைத் திறப்பாங்க. கொஞ்சம் மூச்சு விடு.

தமிழரசி: மூச்சு விட்டா மறந்துடும். கேளு.

பானு: சரி… அதுக்கு முன்னாடி, உங்க அம்மா ஆஸ்பத்திரிலேந்து போன் பண்ணாங்க. உங்க அப்பாவுக்கு இன்னிக்கு பரவால்லியாம். ரெண்டு இட்லி சாப்பிட்டாராம்.

தமிழரசி: ம்.

பானு: இன்னும் ரெண்டு நாள்ல ஐ.சி.யூ.லேந்து வார்டுக்கு மாத்திடுவாங்களாம். நெஞ்சு வலியும் இல்லியாம். உன்னை நல்லா எழுதச் சொன்…

தமிழரசி: சரி. டபுள் ஃபெர்டிலைசேஷன். நீயே சொல்லு, நான் சரி பாக்கறேன்.

பானு: நான் சொல்லிட்டே இருக்கேன்…

தமிழரசி: கேட்டுட்டேன் பானு. சந்தோஷம். சொல்லு, ஆண் செல்லு எத்தனை வருது?

பானு: ரெண்டு. ஒண்ணு முட்டையோட சேரும், அது சைகோட். இன்னொண்ணு… செகண்டரி நியூக்ளியஸோட. அது எண்டோஸ்பெர்ம்.

தமிழரசி: பாரு, தெரியுது. படம் போட மறந்துடாத. படத்துக்குத் தனி மார்க்கு. பாட்டில் எங்க? தண்ணி புடிச்சுக்கிட்டு வரேன்.

பானு: நான் போறேன், நீ உக்காரு.

தமிழரசி: நீ உக்காந்து அந்த ஹார்ட்டு படத்த இன்னொரு தடவ போடு. மூஞ்சியும் கழுவிக்கிட்டு வந்துடறேன்.

ராஜா: …போயிட்டாளா?

பானு: குழாயாண்ட போயிருக்கா. மெதுவாப் பேசு. இப்ப உனக்கு வந்த போன்ல யாரு?

ராஜா: அவ அம்மாதான். ஆஸ்பத்திரில பன்னண்டு மணிக்கு பாடிய தராங்களாம். நேரா வீட்டுக்குக் கொண்டு வந்துடுவாங்க. சாயந்தரம் நாலு மணிக்குத்தான் எடுக்கறது. இவ எழுதிட்டு வர வரைக்கும் வச்சிருப்பாங்க.

பானு: என்னால முடியல ராஜாண்ணா. செத்துப் போனவரு இட்லி சாப்பிட்டாருன்னு சொல்லிட்டு நிக்கறேன். இந்த வாய் அழுகிப் போகாதா?

ராஜா: நம்மளா ஆசைப்பட்டு சொல்றோம்? அவ அம்மா லலிதா அத்தை காலைல போன்ல எப்படி கெஞ்சுச்சு. ரெண்டு மணி வரைக்கும் அவ காதுக்குப் போகக் கூடாது, போனா பரீட்சைய போட்டுட்டு ஓடி வந்துடுவான்னு.

பானு: நம்ம சந்துல யாராவது உளறியிருந்தா?

ராஜா: நம்ம அம்மாதான் அஞ்சு மணிக்கே வீடு வீடா போயி சொல்லிட்டு வந்துச்சே. பந்தல் போடற ஆளுகூட மூங்கிலை இறக்காம முனையிலயே நின்னுட்டிருந்தான், நம்ம ரிக்‌ஷா கிளம்பற வரைக்கும்.

பானு: சொல்லிடலாம்ணா. ஜூலைல மறுபடியும் எழுதறதுக்கு வழி இருக்கில்ல?

ராஜா: யாரு எழுத வுடுவா? அவ பெரியப்பா வேலூர்லேந்து ரயில் ஏறியாச்சு. காரியம் முடிஞ்சதும் ஆத்தாளையும் பொண்ணையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாரு. போன வருஷமே மாப்பிள்ளை பாத்து வச்ச ஆளு. அவ அப்பா துரைசாமி மாமாதான் ஸ்கூல் பஸ் ஓட்டற வேலையே போனாலும் என் பொண்ணு நர்ஸ் ஆவான்னு சண்டை போட்டு நிறுத்துனாரு. இனிமே யாரு சண்டை போடுவா? கையில பன்னண்டாவது பாஸ்னு ஒரு பேப்பராவது இருந்தா, அத்தை அத வச்சு பேசிப் பாக்கும்.

பானு: இன்னொண்ணு பாத்தியா? காலைலேந்து அவ ஒரு வார்த்த கேக்கல, அப்பா எப்படி இருக்காருன்னு. நேத்து வரைக்கும் மணிக்கு ஒரு தடவ கேட்டா.

ராஜா: பரீட்சை டென்ஷன். வரா, வரா. மூஞ்சிய தொடச்சுக்கோ.

தமிழரசி: என்ன அண்ணனும் தங்கச்சியும் ரகசியம்?

பானு: ஒண்ணுமில்ல. போட்ட படத்தப் பாத்து சிரிக்கறான். உருளைக்கிழங்கு மாதிரி இருக்காம்.

தமிழரசி: உருளைக்கிழங்குக்கு பேரு எழுதுனா போதும், மார்க்கு போட்டுடுவாங்க. கேளு, எங்க விட்டோம்?

பானு: எதுலேந்து கேக்கட்டும்?

தமிழரசி: எங்கயாவது புக்கைத் திற. விரல் வச்ச இடம்.

பானு: இது… ஹனி பீ. தேனீல ஆணா பொண்ணான்னு எப்படி ஆகுது. ராணித் தேனீக்கு எத்தனை குரோமோசோம்?

தமிழரசி: முப்பத்தி ரெண்டு.

பானு: ஆண் தேனீக்கு?

தமிழரசி: பதினாறு. அது முட்டையிலேந்து நேரா வருது. ஃபெர்டிலைஸ் ஆகறதில்ல. அதனால?

பானு: அதனால…

தமிழரசி: என்னடி, நீதான கேக்கணும்? அதுக்குக் கீழ என்ன போட்டிருக்கு, படி.

பானு: இது வேணாம் தமிழ். வேற பக்கம் போலாம்.

தமிழரசி: ஏன், போன வருஷம் வந்த கேள்வி அது. அதனால ஆண் தேனீக்கு அப்பா கிடையாது. தாத்தா மட்டும் உண்டு. எழுதிக்கோ.

பானு: எழுதிக்கறேன்.

தமிழரசி: அழறியா?

பானு: தூசி. ரோட்டு வேலை நடக்குதில்ல, அங்கேந்து வருது.

தமிழரசி: கண்ணைக் கசக்காத, சிவந்துடும். அடுத்தது கேளு. இன்சுலின் எந்த செல்லு?

பானு: தமிழ், போதும். எனக்கு ஒண்ணும் ஓடல.

தமிழரசி: பீட்டா செல். குளுக்ககான் ஆல்ஃபா செல். ராஜாண்ணா, மணி என்ன?

ராஜா: பத்து இருபத்தஞ்சு. வாட்ச்மேன் சாவி எடுத்தாச்சு. "சலா, சலா"ன்னு லைன் போடச் சொல்றான். போனை எங்கிட்ட குடுத்துடுங்க ரெண்டு பேரும்.

தமிழரசி: எனக்கு ஏது போன்? நேத்தே உங்க அம்மா வாங்கி பீரோவுல வச்சுட்டாங்க, படிக்கற புள்ளைக்கு எதுக்குன்னு. நீங்க இங்கயே இருப்பீங்களா அண்ணா?

ராஜா: இங்கயேதான் இருப்பேன் கண்ணு. நீ வெளிய வரப்ப முதல்ல என் மூஞ்சிதான் தெரியும். நல்லா எழுது. அவசரப்படாத.

தமிழரசி: வா பானு.

பானு: நில்லு. ஒரே நிமிஷம். லைன்ல நிக்கறதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

தமிழரசி: பேனா ரெண்டு வச்சிருக்கியா?

பானு: வச்சிருக்கேன். நான் சொல்றதக் கேளு…

தமிழரசி: ஹால் டிக்கெட்டு?

பானு: இருக்கு டி. கேளேன். காலைலேந்து நான் உங்கிட்ட சொன்னது எல்லாம்…

தமிழரசி: வெளிய வந்து சொல்லு.

பானு: முடியாது. இத மறைச்சு உன்னை உள்ள அனுப்பிட்டு, நாளைக்கு உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்? ஏன்டி சொல்லலன்னு நீ கேட்டா நான் என்ன பண்ணுவேன்? தமிழ், உங்க அப்பா…

தமிழரசி: சொல்லாத பானு. நாலரை மணிக்கு உங்க அம்மா போன எடுத்து, "எப்ப உசுரு போச்சு"ன்னு கேட்டப்ப நான் சுவத்துப் பக்கம் திரும்பி முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன். எந்திரிச்சா ஓடணும்னு தெரியும். எந்திரிக்கல. எங்க அம்மா அங்க ஒண்டியா நிக்குதுன்னு தெரிஞ்சும் எந்திரிக்கல. எனக்கு இத எழுதணும்டி, இத வுட்டா எனக்கு வேற ஒண்ணுமே இல்ல. நீ வாய் விட்டு சொல்லிட்டா என் காலு உள்ள போகாது. ரெண்டு மணிக்கு வெளிய வந்ததும் சொல்லு, நான் அப்பதான் கேக்கற மாதிரி கேட்டுக்கறேன்… எங்க அம்மாகிட்டயும், அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடு.