கிறிஸ்துமஸ் வரை தாங்கமாட்டான்

நவம்பர் முதல் வாரத்தில் எல்லா அணியும் நல்ல அணிதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மரமெல்லாம் மொட்டையாகி, ஏரியிலிருந்து குளிர்காற்று ஊருக்குள் நுழைகிற மாதத்தில் மனிதனுக்கு நம்புவதற்கு ஏதாவது வேண்டும். எங்கள் டொலீடோவில் அதற்குக் கூடைப்பந்து இருக்கிறது. மூன்று ஆட்டம் ஜெயித்தால் கோப்பை நமக்குத்தான் என்பார்கள். இரண்டு தோற்றால் பயிற்சியாளரை ஊரைவிட்டுத் துரத்து என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என்ன, அவர்கள் சொல்வது நடக்காது, நான் சொல்வது நடக்கும்.

என் பெயர் காசிமிர் வோச்சிக். காஸ் என்று கூப்பிட்டால் போதும். முப்பத்தொரு வருடம் கண்ணாடி ஆலையில் உலைக்கு முன்னால் நின்றேன். ஓய்வு பெற்ற பிறகு பதினான்கு வருடமாக அரங்கத்தில், வீரர்கள் ஆடுகளத்துக்கு இறங்கி வரும் பாதையின் வாசலில், சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நின்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை நேற்றே உங்கள் ஆட்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பரவாயில்லை, அக்குளில் கிழிந்துதான் இருந்தது.

நீங்கள் அணியின் வக்கீல், சிகாகோக்காரர். ஆகையால் சட்டைப் பந்தயத்தைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பட்டி ரோல்ஃப்ஸ் தினமும் காலை ஏழு மணிக்கு வானொலியில் வருவார். ஊரில் யார் வேண்டுமானாலும் தொலைபேசியில் அழைத்து அணியைத் திட்டலாம். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மறுநாள், பெயரும் ஊரும் சொல்லி அழைப்பவர்கள் ஒரு வீரனைப் பற்றி ஒரே ஒரு வாக்குச் சொல்ல வேண்டும். பட்டி அதைப் பலகையில் எழுதி வைப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பலகையைத் திருப்பிப் பார்ப்பார்கள். வாக்குப் பொய்த்தவன், பக்கத்து மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆற்றுப்பாலத்தின் மேல் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். இந்த ஊர் ஒஹையோவுக்கா மிச்சிகனுக்கா என்று நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாவு ஒன்றும் இல்லை, ஒருவருக்குப் பேனாக்கத்திக் குத்து. அதை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. மிச்சிகன்காரன் சட்டையில் பாலத்தில் நிற்பதற்கு, ஒன்றுமே போடாமல் நிற்கலாம்.

பதினொரு வருடமாக நான் நின்றதில்லை. ஒரு வருடம், நடுவில் ஆடுகிற ஒரு நெட்டையனுக்கு டிசம்பருக்குள் முன்பல் ஒன்று போகும் என்றேன். இரண்டு போயிற்று. கூடுதல் பல்லுக்காகப் பட்டி என்னைத் தனியாகப் பாராட்டினார். அந்தப் பற்களில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் டெவோரிஸ் கில்லியம் வந்தான். இருபது வயது, மிசிசிப்பியில் ஏதோ பருத்திக்காட்டுப் பக்கம். இடக்கைக்காரன். முதல் ஆட்டத்தில் ஆறு நிமிடம் ஆடினான். யாரும் மறிக்காமல் நின்று எறிய இரண்டு பந்து கிடைத்தது. இரண்டையும் தவறவிட்டான். தவறவிட்டுவிட்டுச் சிரித்தான். பதினான்காயிரம் பேர் பார்க்க, வாய் நிறையச் சிரித்தான். மறுநாள் காலை நான் பட்டியை அழைத்து, "லாக்ரேஞ்ச் தெரு காஸ் பேசறேன். அந்தப் புதுப் பையன் கிறிஸ்துமஸ் வரை தாங்கமாட்டான்" என்றேன். தவறவிட்டுச் சிரிப்பவனைப் பற்றி யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயித்தோம். ஏழிலும் அந்தப் பையன்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இடக்கையால் எழுதப் பழகுவதாகச் செய்தித்தாளில் போட்டார்கள். லாக்ரேஞ்ச் தெருவில் ரொட்டிக்கடைக்காரர் அவன் முகம் வரைந்த கேக் செய்து வைத்தார். மூக்கு சரியாக வரவில்லை. ஆனாலும் பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்தது.

அடுத்த வாசலில் நிற்கும் வெர்னா என்னை விடவில்லை.

"ஏன் காஸ், டெட்ராய்ட் சட்டை உனக்கு என்ன சைஸுப்பா? தொப்பைக்குத் தனியா துணி வெட்டணுமே."

"டிசம்பர் இன்னும் வரல, வெர்னா."

"பாலத்துல குளிருமே. எம் பேரன் கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், ஃபோட்டோ எடுக்க. கொஞ்சம் சிரிச்ச மாதிரி நில்லு."

அவள் நல்லவள்.

பட்டியையே அழைத்துக் கேட்டேன். "பையன் காயம் பட்டு உக்காந்துட்டா என்ன கணக்கு, பட்டி?"

"உக்காந்தா ஆட்டத்துல இல்ல, ஆனா அணியில இருக்கான், காஸ். கோட்டும் டையும் போட்டு ஓரமா உக்காந்திருக்கறவன் தாங்கறவன்தான். அவன் அணியவிட்டே போனாத்தான் உனக்கு ஜெயம்."

விதி தெளிவாக இருந்தது. விதி தெளிவாக இருப்பது எனக்குப் பிடிக்கும்.

நவம்பர் கடைசியில், நன்றி சொல்லும் திருநாளுக்கு மறுநாள் ஒன்றைக் கவனித்தேன். வாசலில் ஒன்பது படிகள். டெவோரிஸ் ஒவ்வொரு படிக்கும் வலது காலையே முதலில் வைத்து இறங்கினான். கண்ணாடித் தட்டைத் தூக்கிக்கொண்டு முப்பத்தொரு வருடம் படி இறங்கியவனுக்கு அது தெரியாமல் போகாது.

அவனுக்கு நான் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம், எங்கள் ஏரி மீன். ஊரில் அவனுக்கு யாரும் இல்லை. ஹோட்டல் அறையும் காரும்தான். ஆகையால் என்னிடம் பேசுவான்.

"இடது பாதம் என்னாச்சு, தம்பி?"

சுற்றும் பார்த்தான். "யார் கிட்டயும் சொல்லிடாதீங்க, மிஸ்டர் காஸ். எலும்புல முடி மாதிரி ஒரு விரிசலாம். ஆறு வாரம் கால ஊனக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். அணியில, கணுக்கால் பிசகிடுச்சுன்னு மட்டும் வெளிய சொல்லப் போறாங்களாம்."

"ஊனினா?"

"மொத்தமா போயிருமாம்." மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னான். "அம்மாவுக்கு வீடு வாங்கித் தரணும். அதுக்கு ரெண்டாவது ஒப்பந்தம் வரணும். ஆறு வாரம் என்ன, ஓடிரும்."

ஆறு வாரம் என்றால் ஜனவரி. நான் அவனிடம் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றினேன். இன்றுவரை உங்களைத் தவிர ஒருவரிடமும் அந்த விரிசலைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றி என்ன எழுதினாலும் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

மௌமி ஊரிலிருந்து எர்ல் என்பவர் பட்டியை முதலில் அழைத்தது அதற்கு அடுத்த திங்கட்கிழமை. எர்ல் கரகரத்த குரல்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர். "கணுக்கால் பிசகறதெல்லாம் ஒரு காயமா? எங்க காலத்துல துணியச் சுத்திக்கிட்டு ஆடுவானுங்க" என்றார். பெரிஸ்பர்க்கிலிருந்து டோலோரெஸ் என்ற விதவை அம்மாள் அழைத்து எர்லைக் கண்டித்தார். "குழந்தைங்க அது. நம்ம வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" இரண்டு பேருக்கும் நான்கு நாள் சண்டை. ஊரே கேட்டது. ஐந்தாம் நாள் டோலோரெஸ் மனம் மாறினார். "யோசிச்சுப் பாத்தேன், பட்டி. எங்க வீட்டுக்காரர் ஆலையில கை கிழிஞ்சு ஒம்பது தையலோட மறுநாள் வேலைக்குப் போனாரு. மனுசன் அப்படித்தான் இருக்கணும்."

வீட்டுக்காரர் கற்பனை. ஒன்பது தையலும் என்னுடையவை. இதோ, இந்தக் கை.

பிறகு ஒரு பல் மருத்துவர், ஒரு தபால்காரர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, திக்கிப் பேசும் ஓர் இளைஞன், போலந்துக்காரப் பாதிரியார் ஒருவர். மொத்தம் ஏழு. பாதிரியார் குரல் கொஞ்சம் கடினம், தொண்டை வறண்டுவிடும். ஏழு பேரும் ஒரே கருத்தை ஏழு விதமாகச் சொன்னார்கள். பையன் பயந்து ஒளிகிறான். அவர்களைக் கேட்டு நிஜமான ஆட்களும் அழைக்க ஆரம்பித்தார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை, அவர்களை எனக்குத் தெரியவும் தெரியாது. ரொட்டிக்கடைக்காரர் கேக்கை நிறுத்தினார். அரங்கத்தில் கோட்டும் டையுமாக டெவோரிஸ் வந்து உட்காரும்போது மேல்வரிசையிலிருந்து ஊளைச் சத்தம் வந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் எனக்கு ஜலதோஷம். அந்த வாரம் ஏழு பேருக்கும் ஜலதோஷம் பிடித்தது. வானொலி நிலையத்தில் அழைப்புகளை எடுக்கிற பெண் அதை வைத்துத்தான் பிறகு என்னைக் கண்டுபிடித்தாராமே. கெட்டிக்காரர். ஆனால் மூன்று வாரம் தாமதம்.

இப்போது நீங்கள் கேட்க வந்த விஷயம். டிசம்பர் இருபத்தொன்று, மாலை ஐந்தரை. படியில் உட்கார்ந்து பையன் காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். ஆடுகிற காலணி.

"தெனமும் காலையில காருல ரேடியோ கேக்கறேன், மிஸ்டர் காஸ்" என்றான். "நீங்க இந்த ஊர்லயே பொறந்தவரு. நெஜமாவே எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்களா?"

நான் பொய் சொல்லவில்லை. "நான் கேட்ட வரைக்கும் எல்லாரும்தான், தம்பி. பெரிஸ்பர்க்ல ஒரு அம்மா மட்டும் உம் பக்கம் பேசிக்கிட்டிருந்தாங்க. இப்ப அவங்களும் இல்ல."

"ஆமா. அந்தம்மாவக் கேட்டுத்தான் எனக்குக் கஷ்டமாயிருச்சு. எங்கம்மா மாதிரியே பேசினாங்க." நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டான். "பயிற்சியாளர் கிட்ட, டாக்டர் சரின்னுட்டாருன்னு சொல்லிட்டேன். டாக்டர் ஊர்ல இல்ல. நீங்க என்ன சொல்றீங்க?"

இருபது வயதுக்காரன் ஒருவன் என்னிடம் யோசனை கேட்கிறான். என் மகன் கூட ஒரு தடவை கேட்டதில்லை. நான் யோசித்துத்தான் சொன்னேன். "டாக்டர் டிக்கெட் வாங்கி மேட்ச் பாக்கறவரில்ல, தம்பி. ஊரு பாக்குது."

அவன் எழுந்து என் கையைக் குலுக்கினான். வலது காலை முதலில் வைத்து ஒன்பது படியும் இறங்கினான்.

நான் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். அவன் மோசமாக ஆட வேண்டும், பயிற்சியாளர் அவனைக் கீழ்மட்டத்துச் சின்ன அணிக்கு அனுப்பிவிட வேண்டும். எலும்பை நான் கேட்கவில்லை. உடையும், மொத்தமாகப் போகும் என்று தெரியும்தான். தெரிந்திருப்பதும் கேட்பதும் ஒன்றில்லை. வக்கீலுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதினொரு நிமிடம் ஆடினான். ஒன்பது புள்ளி எடுத்தான். அந்தக் காலோடு ஒன்பது. பிறகு துள்ளி எழுந்து இறங்கினான். அரங்கத்தில் அவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது. உலை முன்னால் நின்றவன் காதுக்கு, ஒரு பொருள் விரியும் சத்தமும் அறும் சத்தமும் வேறு வேறு. இது இரண்டாவது.

தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பையன் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் தூக்குபவர்களை நிற்கச் சொன்னான்.

"இனிமே சொல்லமாட்டாங்கல்ல, மிஸ்டர் காஸ்?"

"மாட்டாங்க, தம்பி" என்றேன். ஏழு பேரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாக்கையும் காப்பாற்றினேன்.

இருபத்திநான்காம் தேதி காலை என் சொந்தப் பெயரில் பட்டியை அழைத்தேன். பன்னிரண்டாவது வருடம். பலகையைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். பட்டி படிக்கவில்லை. அரை நிமிடம் வானொலியில் சத்தமே இல்லை, பிறகு மாவு விளம்பரம் போட்டுவிட்டார். அதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். விதி என்றால் விதி.

மூன்று மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இனி அவன் ஆடமாட்டான் என்றார்களாம். அவன் மிசிசிப்பிக்குப் போய்விட்டான், அந்த வீடு இல்லாத அம்மாவிடம். எனக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறான். "இந்த ஊரில் என்னிடம் உண்மையைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்" என்று எழுதியிருக்கிறான். வேண்டுமானால் சாட்சியமாக வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தந்தால் போதும்.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். எர்லும் நான், டோலோரெஸும் நான், பாதிரியாரும் நான். விரிசல் தெரியும், விதி தெரியும், அவனை இறங்கச் சொன்னதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். ஏழு பேர் சேர்ந்து சொன்னதை ஒருவன் நம்பினான் என்றால், அதற்கு நான் ஒருத்தன் எப்படிப் பொறுப்பாக முடியும்?