மண்ணுக்குள் இருந்த நான்கு வரிகள்

செருப்பைக் காலில் மாட்டுவதற்கு முன் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிற ஆள் நான். உள்ளே தேள் இருக்குமோ என்று பயம். பாகாயத்தில் மாடி வீட்டுக்குத் தேள் எங்கிருந்து வரும் என்று என் மனைவி கமலம் கேலி செய்வாள். வரலாற்றுப் பேராசிரியர் அருணகிரி தைரியசாலி என்று மேடையில் புகழ்ந்தவர்கள் யாரும் எங்கள் வீட்டில் குடியிருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். நாற்காலி போட்டு, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். நன்றி. ஆனால் நான் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். பாதியை நான் சொல்லி, மீதியை நீங்களாக எழுதிக்கொண்டால் அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி எழுதியவன்.

திமிரிக்குப் பக்கத்தில் செங்காட்டுப்பட்டு என்றொரு ஊர். அங்கே வயல் ஓரத்தில் ஒரு நடுகல் இருந்தது. களவுபோன மாடுகளை மீட்கப் போய் இறந்த வீரனுக்கு வைத்தது. மேல்பாதியில் அவன் உருவமும் இரண்டு வரி எழுத்தும். கீழ்ப்பாதி மண்ணுக்குள். தோண்டித்தான் படிக்க வேண்டும், எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம். அன்று மழை, கடைசி பஸ்ஸும் போய்விடும். அடுத்த மாதம் வந்து தோண்டலாம் என்று திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் போனபோது கல் இல்லை. சாலை போட வந்தவர்கள் பெயர்த்து எங்கேயோ ஏற்றிவிட்டிருந்தார்கள்.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. மண்ணுக்குள் நான்கு வரி இருந்திருக்கும் என்று அனுமானித்து, அந்த நான்கையும் நானே எழுதினேன். நல்ல பழைய தமிழ். நேரில் தோண்டிப் படித்ததாகக் குறிப்பும் போட்டேன். வீரனின் பெயர், ஊரின் வயது எல்லாம் அந்த வரிகளிலிருந்து வந்தவைதான். அதனால் புத்தகம், புத்தகத்தால் பதவி, பிறகு விருது. ஊர்க்காரர்கள் அந்தப் பெயரில் வளைவு கட்டி வருஷா வருஷம் விழா எடுக்கிறார்கள். எனக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். கல் கிடைத்துவிட்டது என்று யாராவது எழுந்து சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொரு விழாவிலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

சோபனாதான் சொன்னாள். என்னிடம் ஆய்வு செய்த பெண், இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நடத்தினாள். ஆம்பூரில் மூடிக் கிடக்கும் ஒரு டேனரியை இடிக்கப் போகிறார்கள், தோல் ஊறவைக்கும் தொட்டி ஒன்றின் சுவரில் அந்தக் கல் பதிந்திருக்கிறது, வீரனும் மேல் இரண்டு வரியும் மட்டும் தெரிகின்றன, கீழ்ப்பாதி சேற்றுக்குள் இருக்கிறது என்று போனில் சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லல சார். மொதல்ல நீங்கதான் படிக்கணும்."

எங்கள் துறையில் நல்ல மாணவர்கள் அப்படித்தான். வழிகாட்டியை முந்திக்கொண்டு வெளியே வாய் திறக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை அங்கே போனோம். காவலாளி தன்சீல் அகமது தொட்டியின் மேல் கிடந்த பலகைகளை எடுத்ததும் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம், அடியில் கறுப்புச் சேறு. சோபனா துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நீளமான கழியால் கல்லை ஒட்டிய சேற்றைக் கிளறினாள். நான் தன்சீல் பாயை டீ வாங்கிவர அனுப்பினேன். பக்கத்துக் கடை வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் வாங்குங்கள் என்றேன்.

என் புத்தகத்தில் தோல் தொழிலாளர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதற்காகப் பேர்ணாம்பட்டில் முனியம்மா என்பவரைப் பேட்டி எடுத்தேன். அவர் புருஷன் இப்படி ஒரு தொட்டியில் செத்தவர். நாற்றம் அடிக்கிறவரை பயமில்லை, அந்தக் காற்று மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டால் ஓடிவிட வேண்டும் என்றார். அப்படியே அச்சில் போட்டேன். சோபனா அந்த அத்தியாயத்தைச் சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது. படித்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

"சார், நாத்தம் நின்னுடுச்சு. எறங்கட்டுமா?"

நான் வாசற்பக்கம், காற்று வரும் இடத்தில் நின்றிருந்தேன். எனக்கு நாற்றம் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

"எறங்கும்மா. ஏணி வழுக்கும், பார்த்து" என்றேன்.

தன்சீல் பாய் டீயோடு திரும்பியபோது அவள் சேற்றில் குப்புறக் கிடந்தாள். அவர் குதிக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, நான்தான் கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். ஓர் உயிரையாவது காப்பாற்றிய பேராசிரியர் என்று பேப்பரில் போட்டார்கள். அது உண்மைதான். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவள் இறங்கியதற்கும் அவர் திரும்பியதற்கும் நடுவில் நடந்ததை யாரும் என்னிடம் கேட்கவில்லை. சேற்றை வழித்துவிட்டு அவள் கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"சார், கீழ எழுத்தே இல்ல. வெறும் கல்லு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளே சமாதானமும் சொன்னாள்.

"நீங்க படிச்ச நாலு வரியும் தேஞ்சு போயிருக்கும் சார். சுண்ணாம்புத் தண்ணி அரிச்சிருக்கும். பரவால்ல, நீங்க எழுதி வெச்சது இருக்குதே."

என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு அப்போதே பேச்சு குழறியது. ஏறி வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள். சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் தேய்ந்துபோன எழுத்தா, உளியே படாத கல்லா என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். மேலே வந்து நிதானமாக யோசித்தால் தெரிந்துகொள்வாள். பயந்துவிட்டேன்.

"அவசரப்படாதம்மா. நல்லா தடவிப் பார்த்துட்டுச் சொல்லு" என்றேன்.

கல்லில் கை உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை. நான் அவள் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன் சார். சரிபார்க்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது என்பதில் என் மாணவர்களிடம் நான் எப்போதுமே கண்டிப்பானவன்.