ஏறி வந்தவர்கள்

என்மேல் விசாரணையைக் கீழ் அறையிலேயே வைத்துக்கொண்டீர்கள், நல்லது. இப்போதெல்லாம் படி ஏறினால் எனக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. வயசு.

என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு நோய் வந்தால் வைத்தியம் பார்க்க, சம்பளத்தில் பிடித்து ஒரு காப்பீடு வைத்திருக்கிறார்கள். அந்தக் காப்பீட்டுக்காரர்கள் ஒருத்தனிடம் 'உனக்குக் கிடையாது' என்று சொல்லிவிட்டால், சொன்னது நியாயமா என்று பார்க்கச் சர்க்கார் வைத்த ஆள் நான். மஞ்சக்குப்பத்தில், இதே கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்து பார்த்தேன்.

எனக்கு உழைப்பாளியைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். காய்ச்சலோடு தூக்குவார். ஒருநாள் முதுகில் மூட்டையோடு விழுந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அவருக்குக் காப்பீடு எதுவும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. அவரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நிஜமாகவே முடியாதவன் யார் என்று தெரியும்.

டாக்டர் சீட்டை நான் நம்புவதில்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். படிக்கட்டை நம்பினேன். அது வெளிப்பக்கம் இருக்கிறது, என் ஜன்னலிலிருந்து பார்த்தால் முழுசும் தெரியும். நிற்காமல் ஏறி வந்தவன் நன்றாக இருக்கிறான், அவனுக்கு எதற்கு வைத்தியம்? நடுவில் நின்று மூச்சு வாங்கினால், நான் பார்க்கிறேன் என்று தெரிந்து வாங்குகிறான். ஏறி வராதவன் ஆஜராகவில்லை. ஒருத்தனை அண்ணன் தம்பிகள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். இவ்வளவு ஆள்கட்டு இருக்கிற வீட்டுக்குச் சர்க்கார் உதவி எதற்கு என்று எழுதி அனுப்பினேன்.

என் மேசையில் எதுவும் தேங்கியதில்லை. மெட்ராஸில் அதைப் பாராட்டினார்கள்.

பியூன் தனக்கோடி மட்டும் ஏதாவது சொல்லுவான். "ஏறுனாலும் கெடையாது, ஏறலன்னாலும் கெடையாது. பாதிப் படியில ஒரு டீக்கடை போட்டா நல்லா ஓடும் சார்." நானும் சிரித்திருக்கிறேன்.

பச்சமுத்து வந்தது போன ஆடியில். பஞ்சாலையில் வேலை செய்தவன், நெஞ்சு கெட்டுப்போனவன். ஆலைக்கு வரும் முன்பே இருந்த நோய் என்று காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கை வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. புவனகிரியிலிருந்து லாரியில், மல்லாட்டை மூட்டைகள்மேல் படுக்கவைத்துக் கொண்டுவந்து, வாசலில் புங்க மரத்தடியில் இறக்கினார்கள். அவன் சம்சாரம் பூவம்மாள் மட்டும் மேலே வந்தாள்.

"ஐயா, அவரால ஏற முடியல. ஒரு நடை எறங்கி வந்து பாத்துட்டுப் போயிடுங்க."

"ஆள் நேர்ல வரணும்மா."

"வந்துதான இருக்காரு. ஒங்க மரத்தாண்டதான் படுத்துக் கெடக்குறாரு."

"என் முன்னால வரணும்."

சிதம்பரத்தில் எடுத்த எக்ஸ்ரே படத்தை முந்தானையிலிருந்து எடுத்தாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "பாருங்க, எவ்ளோ வெள்ளையா இருக்குது. ஆலையில பஞ்ச மட்டுமா நூத்தாரு, தின்னுல்ல இருக்காரு." நான் கோப்பைப் புரட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேல வந்தா நல்லாத்தான இருக்கான்னுவீங்க. வரலன்னா வரலன்னு எழுதுவீங்க. எந்தப் படியில நின்னா நோவாளின்னு ஒத்துக்குவீங்க, அதையாவது சொல்லுங்க."

படத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் வழியாக மரத்தடி தெரிந்தது. பச்சமுத்துவின் கை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பிறகு கை ஓட்டவில்லை. ஈ முகத்தில் உட்கார்ந்தது, அவன் முகத்தைத் திருப்பவில்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பேனாவை எடுத்து, ஆஜராகவில்லை என்று எழுதினேன். எழுதின நேரத்தில் அது பொய்யில்லை.

அவன் கை நின்றுபோனதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் மாடியிலேயே விழுந்து அழுவாள், அடுத்த ஆள் காத்திருந்தான். "பானையில தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போம்மா," என்றேன். குடித்தாள். படத்தைத் துடைத்து மறுபடி முந்தானையில் சுற்றிக்கொண்டுதான் இறங்கினாள்.

இந்தக் கீழ் அறையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், எனக்கு முன்னால் இருந்தவர் இங்கேதான் விசாரித்தார். மேசையை மாடிக்கு ஏற்றச் சொன்னது நான். கீழே இருந்தவரை விடிந்தால் கூட்டம், இருமல், எச்சில். மேலே போனதும் குறைந்துவிட்டது. குறையும் என்று தெரிந்துதான் ஏற்றினேன். பச்சமுத்து வந்த அன்று இந்த அறை காலியாகத்தான் இருந்தது. தனக்கோடி சாவியைக்கூட எடுத்துக்கொண்டு வந்து, "கீழ தொறந்துடட்டுமா சார்?" என்றான். இருந்த இடத்தில் வை என்றேன்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் நான் சொன்னபடியே எழுதுங்கள். பச்சமுத்துவுக்குக் கிடையாது என்று நான் சொல்லவில்லை. அவன் வரவில்லை.

கையெழுத்தை மாடியில் போடணுமா? காகிதத்தை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள். என்னால் ஏற முடியாது. டாக்டர் சீட்டெல்லாம் எதற்கு? நானே சொல்கிறேனே.