எல்லைச் செய்தி

சூளகிரியில் பெங்களூர் பஸ்ஸில் ஏறிய மாமனாரும் மருமகளும் என் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் செய்தித்தாளை அவளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஊர்ல ரெண்டு தலையோட கன்னுக்குட்டி பொறந்திருக்காம்மா.”

“கன்னுக்குட்டிய விடுங்க மாமா. எல்லையில சீனாக்காரனோட சண்டைன்னு ஊரே பேசுது. அதப் படிங்க.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். “நம்ம சிப்பாய்ங்க சில பேரு எறந்துட்டாங்கன்னு போட்டிருக்கு. யாருன்னு போடல.”

“அப்ப நான் பெங்களூருக்குப் போறேன். எல்லையில நிக்கிற உங்க மகன் எப்படி இருக்காருன்னு பட்டாளத்து ஆபீஸ்ல கேக்கறேன்.”

“அவங்க இந்தி பேசுவாங்க, இங்கிலீசு பேசுவாங்க. நீ என்ன பேசுவ?”

“தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுவேன். ஒண்ணாவது ஒருத்தருக்குப் புரியாதா? பதில் சொல்ற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பேன்.”

ஓசூரில் பஸ் நின்றது. சந்தைக்கு வந்த அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் அசையவில்லை. நானும் இறங்குவதற்காக எழுந்தேன். படிக்கட்டுவரை போனவர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்டக்டர், பெங்களூருக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க” என்றார். பிறகு அவளிடம் சொன்னார்: “அங்க அவன் பேர நான் சொல்றேம்மா. வெச்சது நான்தான்.”